மாத்தளையில் பாடிய மாலை

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர் நீளமானது. வன்னியில் வாழும் பெண்களுக்கு இந்த வீதியைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பாதை மூடிய நாட்கள், திறந்த நாட்கள், சோதனைச் சாவடிகளில் பையோடும் பிள்ளையோடும் இறங்கி ஏறிய நாட்கள் எல்லாம் எங்கள் ஞாபகத்தில் இருக்கின்றன. ஆனால் வவுனியாவுக்குத் தெற்கே இதே வீதி எந்தெந்த ஊர்களுக்குப் போகிறது, அங்கே எப்படிப்பட்ட பெண்கள் வாழ்கிறார்கள் என்பதை எங்களில் பலர் கண்டதில்லை. ஆஸ்பத்திரிக்காகவும் அலுவலகப் படிவங்களுக்காகவும் பயணம் செய்திருக்கிறோம். ஊர் பார்ப்பதற்காகப் பயணம் செய்தவர்கள் குறைவு.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் எங்கள் சேமிப்புக் குழுக்களைச் சேர்ந்த 28 பெண்கள் ஒரு பஸ்ஸில் மாத்தளைக்குப் போனோம். மூன்று நாள் அனுபவப் பகிர்வுப் பயணம். அங்குள்ள தோட்டப் பெண்களின் குழுக்களைச் சந்திப்பதும், அவர்கள் மிளகு, சாதிக்காய் போன்றவற்றை எப்படிச் சந்தைப்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதும்தான் நோக்கம். அந்தப் பயணத்தில் சந்தைப்படுத்தலோடு வேறொன்றையும் நாங்கள் கற்றுக்கொண்டோம். அதைத்தான் இம்மாத இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வந்த வழி

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் விடியற்காலை பஸ் நின்றது. காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி தங்கள் போராட்டத்தைத் தொடங்கியது இந்த இடத்தில்தான். பஸ்ஸில் ஏறியவர்களில் மூவர் அங்கே மாதக்கணக்கில் இருந்தவர்கள்.

மாங்குளம், வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, கெக்கிராவை என்று வண்டி போய்க்கொண்டிருந்தது. தம்புள்ளையோடு மாத்தளை மாவட்டம் தொடங்குகிறது. தம்புள்ளைப் பொருளாதார மையத்தின் முன்னால் மரக்கறி லொறிகள் வரிசையாக நின்றதைக் கண்டதும் தோட்டம் செய்யும் எங்கள் பெண்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்கட கத்தரிக்காய் விலையைத் தீர்மானிக்கிற இடம் இதுதானோ?" என்று ஒரு அக்கா எட்டிப் பார்த்தார். நாவுல தாண்டிய பிறகு வரட்சியான காடு குறைந்து, வளைவுகளும் வாசனைத் திரவியத் தோட்டங்களும் வந்தன. கறுவா, கொக்கோ, மிளகு, ஏலம் என்று வீதியின் இரு பக்கமும் பெயர்ப்பலகைகள். கிழக்குப் பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலுக்குள் இருந்தது.

இந்த வழி மலையகத் தமிழர்களின் வரலாற்றில் கண்ணீரோடு எழுதப்பட்ட வழி. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கூட்டி வரப்பட்ட தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மாரியம்மனுக்கு நன்றி சொன்னார்கள். இன்று மாத்தளை நகரில் உயர்ந்து நிற்கும் முத்துமாரியம்மன் கோவிலையும், மாசி மகத்தில் அங்கே நடக்கும் பஞ்சரத பவனியையும் அறியாத மலையகத் தமிழர் இல்லை. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. யூலை இறுதியில் தொடங்கி ஓகஸ்டில் அது மாத்தளையில் நிறைவடைந்தது.

எங்கள் பஸ்ஸிலும் அந்த வரலாற்றின் பிள்ளைகள் இருந்தார்கள். 1977, 1983 வன்செயல்களின் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு ஓடிவந்து குடியேறிய குடும்பங்கள் பல. 1983 யூலையில் மாத்தளை நகரிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. எங்களோடு வந்த ஒரு அக்கா எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போது தாய் அவரைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தாராம். ஒரு வன்செயலுக்குத் தப்பி வந்த குடும்பம் பிறகு 2009 வரை ஒரு யுத்தத்துக்குள் வாழ்ந்தது. "அம்மா சாகும் மட்டும் மாத்தளை, மாத்தளை எண்டுதான் சொல்லுவா. நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று அவர் யன்னலோரம் இருந்தபடி சொன்னார்.

உதடு மட்டும் அசைந்தது

பஸ் என்றால் பாட்டு இல்லாமல் இருக்குமா? சாரதி பழைய சினிமாப் பாட்டுக்களைப் போட்டுக்கொண்டே வந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். பல பெண்களின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு வரி பிசகாமல் எல்லாம் தெரிகிறது. ஆனால் சத்தம் வெளியே வரவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் உதடும் நின்றுவிட்டது.

இவர்கள் எல்லோரும் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். காலையில் பொங்கும் பூம்புனல் கேட்டு, பற்றரி வாங்கக் காசில்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டு வளர்ந்த தலைமுறை. பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியைப் போல வீட்டுத் திண்ணையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாடியவர்கள். பாட்டு அவர்களிடம் இருக்கிறது. குரல்தான் உள்ளே போய்விட்டது.

ஏன் போனது? சமூகவியல் படித்தவள் என்ற வகையில் இதற்கு நான் பெரிய விளக்கங்கள் சொல்லலாம். ஆனால் பெண்களே சொன்ன காரணங்கள் எளிமையானவை. "புருஷன் இல்லாதவளுக்கு என்ன பாட்டு எண்டு சனம் கேட்கும்." "பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறன், பாடினா மறந்திட்டன் எண்டு நினைப்பினம்." "கனகாலம் பாடாமல் விட்டு இப்ப தொண்டை அடைச்சுப் போச்சு." ஒப்பாரி சொல்லி அழ எங்களுக்கு அனுமதி உண்டு. அழுகிற குரலை ஊர் ஏற்றுக்கொள்கிறது. பாடுகிற குரலைத்தான் ஊர் கேள்வி கேட்கிறது.

வாடகைக்கு ஒரு பாட்டுப்பெட்டி

இரண்டாம் நாள் மாலை, தோட்டப் பெண்களோடு சேர்ந்து ஒரு சிறு கலை நிகழ்ச்சி செய்வதாகத் திட்டமிட்டிருந்தோம். மேடை நிகழ்ச்சி என்றால் நன்றாகப் பாடும் இருவர் பாடுவார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். எல்லோரும் பங்குபற்ற என்ன செய்யலாம் என்று மாத்தளைப் பெண்களின் குழுத் தலைவி ஒருவரிடம் கேட்டேன். "கரோக்கே செட் ஒண்ணு எடுப்போங்க மிஸ். எங்க புள்ளைங்க பிறந்தநாளுக்கு அதைத்தான் எடுக்குறாங்க" என்றார்.

கரோக்கே என்பது ஜப்பானியச் சொல். 'வெற்று வாத்தியக் குழு' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அதாவது, பாடகரின் குரலை நீக்கிவிட்டு வாத்திய இசையை மட்டும் ஒலிக்கவிட்டு, திரையில் பாட்டின் சொற்களைக் காட்டுவார்கள். நாம் மைக்கைப் பிடித்துப் பாட வேண்டியதுதான்.

இது எப்படித் தொடங்கியது என்ற கதை சுவையானது. ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே என்ற வாத்தியக்காரர், மதுக்கடைகளில் பாட விரும்பும் வாடிக்கையாளர்களுக்குப் பின்னணி வாசித்து வந்தார். ஒரு முதலாளி தன்னோடு ஒரு பயணத்துக்கு வந்து வாசிக்கச் சொன்னார். இனோவேயினால் போக முடியவில்லை. அதனால் இசையை ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தார். முதலாளி அதை வைத்துப் பாடி மகிழ்ந்தார். இதிலிருந்து பிறந்த யோசனையைக் கொண்டு 1971ஆம் ஆண்டு காசு போட்டால் இசைக்கும் பெட்டிகள் 11ஐச் செய்வித்து, கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. உலகமெல்லாம் பரவியது. 2004ஆம் ஆண்டு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் கண்டுபிடிப்புக்களுக்கான இக் நோபல் பரிசுகளில் சமாதானத்துக்கான பரிசை அவருக்குக் கொடுத்தார்கள். ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளக் கற்க மனிதருக்குப் புதுவழி காட்டியவர் என்பது அதன் வேடிக்கையான காரணம். ஆக, ஆரம்பத்திலிருந்தே கரோக்கே வாடகைப் பொருள்தான். பாட்டுக்கார வீட்டில் பிறக்காதவர்களுக்காக, வாத்தியக்காரரை அழைக்க வசதியில்லாதவர்களுக்காக வந்த பொருள்.

மாத்தளை நகரில் கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கியும் மின்விளக்கும் கொடுக்கும் ஒரு கடைக்கு அந்தத் தலைவியோடு போனேன். கடையில் இருந்தவர் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களத் தம்பி. அரைகுறைத் தமிழில் சமாளித்தார். இரண்டு ஸ்பீக்கர், ஒரு மிக்ஸர், இரண்டு வயரில்லாத மைக், ஒரு மடிக்கணினி, ஒரு தொலைக்காட்சித் திரை என்று காட்டினார். நாங்கள் பேரம் பேசினோம். செலவை இரு குழுக்களும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம். தனி ஒரு வீட்டுக்குப் பாரமாக இருக்கும் வாடகை, ஐம்பது பேர் பகிரும்போது பாரமாக இருக்கவில்லை.

சுவரில் எழுதியவர்கள்

அன்று பகல் நாங்கள் இரண்டு இடங்களைப் பார்த்தோம். ஒன்று மாத்தளை நகருக்கு அருகே, ஏ9 வீதியோரமாக உள்ள அளுவிகாரைக் குகை விகாரை. புத்தரின் போதனைகளான திரிபிடகம் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் இங்கேதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டதென்பது பௌத்த மரபு. அதுவரை பிக்குமார் கூட்டாகச் சேர்ந்து ஓதி, மனப்பாடமாகவே காத்து வந்தார்கள். பஞ்சமும் போரும் வந்தபோது, ஓதத் தெரிந்தவர்கள் இறந்துபோனால் எல்லாம் அழிந்துவிடுமே என்ற பயத்தினால் எழுதத் தொடங்கினார்களாம். வழிகாட்டி இதைச் சொன்னபோது எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போரில் ஆட்களோடு சேர்ந்து அவர்களுடைய பாட்டும் போய்விடும் என்பது எங்களுக்குப் புதிய செய்தியல்ல.

மற்றது சிகிரியா. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கட்டிய மலைக்கோட்டை. ஏற முடிந்தவர்கள் ஏறினோம். அங்கே கண்ணாடிச் சுவர் என்று ஒன்று உண்டு. ஓவியங்களைப் பார்க்க வந்த சாதாரண மக்கள் பல நூறு வருடங்களாக அந்தச் சுவரில் தங்கள் கவிதைகளைக் கீறி வைத்திருக்கிறார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான 685 கவிதைகளைப் படித்தறிந்து 1956ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். எழுதியவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் அரசவைப் புலவர்கள் அல்ல. வந்தார்கள், பார்த்தார்கள், தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். யாரும் அவர்களிடம் தகுதி கேட்கவில்லை.

முதல் பாட்டை யார் பாடுவது?

மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். தொடங்குவதற்கு முன் பெண்களே கூடி மூன்று தீர்மானங்கள் எடுத்தார்கள். கைத்தொலைபேசியில் யாரும் படம் எடுக்கக் கூடாது. யாரையும் பாடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பாடுபவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவரோடு சேர்ந்து சிரிக்கலாம். முதலாவது தீர்மானம் மிக முக்கியமானது. "நான் பாடுறது வட்ஸ்அப்பில ஊருக்குப் போனா, நான் திரும்பி ஊருக்குப் போகேலாது" என்று ஒரு தங்கச்சி வெளிப்படையாகவே சொன்னார்.

தம்பி ஸ்பீக்கரைச் சோதிக்கும்போது திடீரென்று ஒரு பெரிய இடிச்சத்தம் போலக் கேட்டது. எங்கள் பக்கத்தில் இருவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். ஏன் என்று வன்னிப் பெண்களுக்கு விளங்கும். தம்பிக்கு விளங்கவில்லை. யுத்தத்தில் ஷெல் சத்தம் கேட்டு வாழ்ந்தவர்கள் என்று தலைவி சிங்களத்தில் சொன்னதும் அவரது முகம் மாறிவிட்டது. சத்தத்தை நன்றாகக் குறைத்தார். அதன்பின் ஒவ்வொரு பாட்டுக்கும் முன் எங்களைப் பார்த்து, "ஹொந்தய்த அக்கா?" என்று கேட்டே தொடங்கினார்.

முதல் பாட்டை யாரும் பாட முன்வரவில்லை. எங்கள் பெண்கள் தோட்டப் பெண்களைப் பார்த்தார்கள். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். "நாங்க மலையில கொழுந்து எடுக்கையில பாடுவோம், இப்புடி மைக்குல பாட மாட்டோம்ங்க" என்றார் ஒருவர். அப்போது தம்பி தானாகவே 'சுராங்கனி' பாட்டின் இசையைப் போட்டார். சிலோன் மனோகர் என்று தமிழ்நாட்டில் அழைக்கப்பட்ட எங்கள் ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற பைலாப் பாட்டு. சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. அவர் 2018இல் காலமானார். ஆனால் அந்தப் பாட்டைத் தெரியாதவர் மண்டபத்தில் யாருமில்லை. மைக்கை ஒருவரும் எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஐம்பது பேரும் பாடினார்கள். பாட்டு முடிந்தபோது தயக்கம் பாதி போய்விட்டது.

அதன்பின் இருவர் இருவராக வந்தார்கள். தனியாக நிற்கக் கூச்சப்பட்டவர்கள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். சுருதி விலகியது. தாளம் முன்னே ஓடியது. யாரும் பொருட்படுத்தவில்லை. 2009இல் கணவனை இழந்த ஒரு தங்கச்சி, தன் கலியாணத்துக்கு முன் பாடசாலையில் பாடிய பாட்டொன்றைத் தேடி எடுத்துப் பாடினார். இடையில் குரல் உடைந்தது. இசை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வரியில் மீண்டும் சேர்ந்துகொண்டார்.

பிறகு ஒரு தோட்டத்து அம்மா, "இந்த மெஷின்ல நம்ம பாட்டு இருக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டது தாலாட்டையும் கும்மியையும். மடிக்கணினியில் இருந்தவை எல்லாம் சினிமாப் பாட்டுக்கள். "இசையை நிறுத்துங்க, மைக் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு அவரே பாடினார். தோட்ட மக்களிடையே இப்படி வழங்கிய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை சேகரித்து நூலாக்கியிருக்கிறார். 1930களில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடியே தொழிலாளரின் உரிமைகளை எடுத்துச் சொன்னார். மலையகத்தில் பெண் பாடுவது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. அந்த அம்மா பாடிய தாலாட்டைக் கேட்டு, எல்கடுவவில் பிறந்த எங்கள் அக்கா, "இது எங்கட அம்மா பாடினது" என்று எழுந்து நின்றுவிட்டார். இருவரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். சில வரிகள் வேறு, மெட்டு ஒன்று.

நாங்கள் பாடலாமா?

அன்றிரவு பாடாதவர்களும் இருந்தார்கள். மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய் வாசலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். "மகன் வந்தாப் பிறகு பாடுறன் மிஸ்" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் தம்பி பாட்டுப் பட்டியலைத் திரையில் ஓட்டியபோது, எந்தப் பாட்டு எந்தப் படம், யார் பாடியது என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவர் அவர்தான். கடைசியில் பாட்டைத் தெரிவு செய்து கொடுக்கும் பொறுப்பு முழுவதும் அவரிடம் போய்விட்டது. "உமக்கு இது ஏறாது பிள்ளை, மற்றதை எடும்" என்று மற்றவர்களுக்கு ஆலோசனை சொன்னார். ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். பாடவில்லை. அதுவும் அவருடைய உரிமை.

தோழியரே, இந்த இடத்தில் நாம் சற்றுச் சிந்திப்போம். பாடினால் இறந்தவர்களை மறந்துவிட்டோம் என்று பொருளா? தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று பொருளா? காலையில் போராட்டப் பந்தலில் இருந்த பெண் மாலையில் பேரப்பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். அதனால் அவளுடைய கோரிக்கை குறைந்துவிடுவதில்லை. நீதி கேட்பதற்கும் குரல் வேண்டும். இருபது வருடம் அடக்கி வைத்த குரல் ஓர் அலுவலகத்தில் அதிகாரியின் முன்னால் திடீரென்று வெளியே வராது. அடுத்த நாள் காலை அந்தத் தங்கச்சி என்னிடம் சொன்னது இதுதான்: "என்ர குரல் இன்னும் இருக்கு எண்டு நேற்றுத்தான் தெரிஞ்சுது."

சேர்ந்து பாடுவதில் இன்னொரு பயனும் உண்டு. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு என்று ஏழு மாதம் படித்தவர்களை ஒப்பிட்டார்கள். முடிவில் எல்லா வகுப்பினரும் நெருக்கமானார்கள். ஆனால் பாடியவர்கள் மற்றவர்களைவிட விரைவாக நெருங்கினார்கள். எங்கள் இரு குழுக்களும் முதல் நாள் கலந்துரையாடலில் பேசியதைவிட, பாட்டுக்குப் பின் இரவுச் சாப்பாட்டில் பேசியது அதிகம். மிளகு விலை, கடன் தவணை, மகளின் படிப்பு, குடிக்கும் மருமகன் எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன.

பாட்டு மருந்தல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கம் வராமை, தொடர்ந்த பயம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்களுக்கு வைத்தியசாலையின் மனநலப் பிரிவும் ஆற்றுப்படுத்தலும் அவசியம். பாட்டு அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு துணை.

நீங்களும் ஒழுங்கு செய்யலாம்

உங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கோ, மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கோ, பிள்ளையின் பிறந்தநாளுக்கோ கரோக்கே எடுக்க விரும்பினால் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

வாடகை எத்தனை மணித்தியாலத்துக்கு, போக்குவரத்துச் செலவு அதற்குள் அடங்குமா, இயக்குபவர் கூட வருவாரா, முற்பணம் எவ்வளவு, சாமான் பழுதானால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். தமிழ்ப் பாட்டுக்களுக்குச் சொற்களோடு கூடிய இசை இருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள். இரண்டு மைக்காவது கேளுங்கள். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி பெற வேண்டியிருக்கும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாக அதற்கு அனுமதி கொடுக்கக் கூடாதென்று 2007இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே மாலையிலேயே தொடங்குங்கள். பெண்கள் வீடு திரும்பவும் அது வசதி.

வாடகைக்கு வழியில்லையா? ஒரு கைத்தொலைபேசியும், புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றும் போதும். யூடியூப்பில் பாட்டின் பெயரோடு கரோக்கே என்று சேர்த்துத் தேடினால் பல பாட்டுக்களின் இசை கிடைக்கும்.

யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்கள் கூடும் இடத்தில் விளக்கை அணைக்க வேண்டாம். கதவைத் திறந்தே வையுங்கள். சத்தத்தைக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். பட்டாசு, திடீர் சத்தங்களைத் தவிருங்கள். சத்தமில்லாத ஒரு மூலையில் பாயும் தண்ணீரும் இருக்கட்டும். ஒரு பாட்டு யாருக்காவது துக்கத்தைக் கிளறினால், அவர் அழட்டும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

பயமில்லாமல் பாட

முதலில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டோடு தொடங்குங்கள். பிறகு இருவராக. தனியாகப் பாடுவது கடைசியில். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, மெதுவான பாட்டைத் தெரிவு செய்யுங்கள். ஆண் பாடிய பாட்டு உங்கள் குரலுக்குப் பொருந்தாமல் தாழ்ந்து போனால் அது உங்கள் குற்றமல்ல. இயக்குபவரிடம் சுருதியைக் கூட்டச் சொல்லுங்கள், கருவியில் அந்த வசதி இருக்கும். மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் பிடியுங்கள். ஸ்பீக்கரின் முன்னால் நிற்காதீர்கள், நின்றால் கீச்சென்று கத்தும். வரி தொடங்கும் முன் மூச்சை வயிறு வரை இழுங்கள். நிற்கக் கால் நடுங்கினால் கதிரையில் இருந்தே பாடுங்கள். திரையைப் பார்க்கக் கூச்சமென்றால் தோழியின் முகத்தைப் பாருங்கள். பிழை விட்டால் நிறுத்த வேண்டாம், இசை ஓடட்டும், அடுத்த வரியில் ஏறிக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தில் உங்கள் பாட்டு இல்லையென்றால் இயந்திரத்தை நிறுத்துங்கள். உங்கள் அம்மாவின் தாலாட்டுக்குப் பின்னணி இசை தேவையில்லை. அதை ஒருமுறை பாடி, ஒரு கொப்பியில் எழுதியும் வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது வேறெங்கும் கிடைக்காது.

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மைக்கும் வேண்டாம், மேடையும் வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைச் சேர்ந்து பாடிப் பாருங்கள். பாட விரும்பாதவர் பாட்டைத் தெரிவு செய்யட்டும். அதன் பிறகு கரோக்கே எடுப்பதா வேண்டாமா என்பதை உங்கள் சங்கமே தீர்மானிக்கட்டும்.